நாகர்கோவிலுக்கு ஆள் வர: சிலையா, திருவிழாவா, சாயங்காலத் தெருவா?

வியாபாரிகள் கூட்டமோ குடியிருப்போர் சங்கக் கூட்டமோ, இப்போதெல்லாம் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: ஊருக்கு ஆள் வரவேண்டும், ஊர் கொஞ்சம் களைகட்ட வேண்டும், என்ன செய்யலாம்? ஒருவர் பெரிய சிலை என்கிறார். ஒருவர் திருவிழா என்கிறார். கேரளாவுக்கு அடிக்கடி போய்வருபவர் கோழிக்கோடு மாதிரி ஒரு தெரு வேண்டும் என்கிறார். டீ ஆறிப்போகும், முடிவு மட்டும் வராது. இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டதால் இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்து ஐந்து யோசனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நிலவரம். 2019-ல் மாநகராட்சி ஆன ஊர் நாகர்கோவில். தெற்கே இருபது கிலோமீட்டரில் கன்னியாகுமரி. வடமேற்கே எழுபது கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரம். அங்கிருந்து கிளம்பும் சுற்றுலா வேன் பத்மநாபபுரம் அரண்மனையில் நிற்கும், சுசீந்திரத்தில் நிற்கும், கன்னியாகுமரியில் போய் முடியும். நடுவில் வரும் நாகர்கோவில் அவர்களுக்குப் பார்வதிபுரத்தில் தொடங்கும் டிராபிக் மட்டும்தான். நான்குவழிச்சாலை முழுதாக ஓடத் தொடங்கினால் அந்த டிராபிக்கும் நம் கணக்கில் இருக்காது.

ஆக, ஆள் வராதது நம் பிரச்சினை இல்லை. வருகிற ஆள் நம்மைத் தாண்டிப் போவதுதான் பிரச்சினை. அப்படிப் போகிறவர்கள் கையில் சும்மா கிடக்கும் நேரம் எது என்று பார்த்தால், சூரியன் மறைந்ததிலிருந்து தூங்கப்போகும்வரை. விவேகானந்தர் பாறைக்குப் படகு சாயங்காலத்துக்கு முன்பே நின்றுவிடும். அரண்மனையும் மூடிவிடும். 2024 ஆகஸ்ட் கடைசியில் விட்ட வந்தே பாரத்தில் விடிகாலை சென்னையில் ஏறுபவர் பிற்பகலில் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்குகிறார். அவர் பார்க்க வந்த சூரியோதயம் மறுநாள் காலைதான். இடையில் ஒரு முழுச் சாயங்காலம் கிடக்கிறது. அதை யார் பிடிப்பது என்பதுதான் போட்டி.

## எதை வைத்து அளப்பது?

என் அளவுகோல்கள் ஐந்து.

இருட்டிய பிறகு ஆளை நிறுத்துமா? பகலில் வந்து செல்ஃபி எடுத்துவிட்டு மதியத்துக்குள் கிளம்புகிறவரால் ஊருக்குக் கிடைப்பது ஒரு தண்ணீர் பாட்டில் காசு. இரவு தங்கினால் லாட்ஜ், ஆட்டோ, ஹோட்டல், காலை டிபன் எல்லாம் சேரும்.

காசு யார் கைக்குப் போகும்? டிக்கெட் காண்டிராக்டருக்கா, வடசேரியில் கடை வைத்திருப்பவருக்கா?

மூன்றாம் வருடச் செலவு என்ன? தொடங்கும் செலவை எல்லோரும் கேட்பார்கள், ரிப்பன் வெட்டப் பெரியவர்களும் வருவார்கள். மூன்றாம் வருடம் பல்பு மாற்றுவதற்கு யாரும் வரமாட்டார்கள்.

உள்ளூர்க்காரர் வருவாரா? செம்மாங்குடி ரோட்டில் துணி எடுக்க வந்த குடும்பம் எட்டிப் பார்க்காத இடத்தை வெளியூர்க்காரரும் பார்க்கமாட்டார். காலியாகக் கிடக்கும் இடத்தில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

மழை. மதுரைக்காரர் இதை மறக்கலாம், நாம் மறக்க முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூனில் கொட்டும், அக்டோபர் நவம்பரிலும் கொட்டும்.

## 1. பெரிதாக ஒன்றைக் கட்டுவது

சிலை, கண்ணாடிப் பாலம், ராட்சத ராட்டினம், எதுவானாலும் சரி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் 2000 ஜனவரி 1 முதல் நிற்கிறார். அவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பர் 30-ல் 37 கோடி ரூபாய்ச் செலவில் திறந்தார்கள். கூட்டம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மூன்று கடல் இருக்கிறது, பாறை இருக்கிறது, குமரியம்மன் இருக்கிறாள். பாலம் கடைசியாக வந்தது. இருபது கிலோமீட்டர் தள்ளி அதே மாதிரி இன்னொன்றை நாகர்கோவில் நடுவில் மணிமேடைப் பக்கம் நிறுத்தினால் நகல் என்றுதான் பெயர் கிடைக்கும்.

சொல்லாமல் விடும் செலவுகள் நிறைய. நிலம், பார்க்கிங், துரு, பாதுகாப்புச் சான்று, காவலாளி சம்பளம். இன்னொன்று: புதுசு என்ற மினுக்கம் தேய்ந்ததும் அடுத்த மாவட்டம் அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டியிருக்கும்.

எப்போது சரி? பார்க்க ஒரு காட்சி ஏற்கெனவே இருந்து, போக வழிதான் இல்லை என்றால். இதற்கு நம் மாவட்டத்திலேயே வேடிக்கையான உதாரணம் உண்டு. மாத்தூர் தொட்டிப் பாலத்தை யாரும் சுற்றுலாவுக்காகக் கட்டவில்லை. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீர் கொண்டுபோக அறுபதுகளில் கட்டினார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் அதன்மேல் நடக்க வரிசை. வேலைக்காகக் கட்டியது அழகாக அமைந்துவிட்டால் ஜனம் தானாக வரும். அழகுக்காகவே கட்டியதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

## 2. வருடத்துக்கு ஒரு பெரிய விழா

கொச்சியில் 2012-12-12 அன்று தொடங்கிய பினாலே என்ற கலைக் கண்காட்சி விழா இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாதக்கணக்கில் நடக்கிறது. ஃபோர்ட் கொச்சியின் பழைய கிட்டங்கிகளுக்கு அதனால் உயிர் வந்தது. அதே விழாவுக்கு 2022-ல் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறப்பு நாளான டிசம்பர் 12 அன்று வேலை முடியாமல் 23-ம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். உலக அளவில் பெயர் வாங்கிய விழாவுக்கே அந்தக் கதி.

கோழிக்கோட்டுக் கடற்கரையில் 2016 முதல் நடக்கும் இலக்கிய விழா இன்னும் நமக்குக் கிட்டத்தில் வரும் அளவு. வாசிக்கும் ஊர் என்று ஏற்கெனவே பெயர் இருந்தது, அதன்மேல் விழா ஏறியது. 2023-ல் யுனெஸ்கோ அந்த ஊரை இலக்கிய நகரமாக அறிவித்தது. ஊரிடம் இருப்பதை விழா எடுத்தால் நிற்கும், இல்லாததை வரவழைத்து எடுத்தால் ஸ்பான்சர் போன அன்றோடு போகும்.

நம்மிடம் விழாவுக்குப் பஞ்சம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நாகராஜா கோயிலில் தைத் திருவிழாத் தேர், ஆவணி ஞாயிறுகளில் பால் ஊற்ற வரும் கூட்டம். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும்போது மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சுசீந்திரத்தில் மார்கழித் தேர். இத்தனைக்கும் நடுவில் புதிதாக ஒரு 'நாகர்கோவில் விழா' வைத்தால் போலீஸ்காரர்களுக்கு லீவு கிடைக்காது, அவ்வளவுதான்.

இதன் மறைமுகச் செலவு மற்ற நாட்கள். பத்து நாள் களைகட்டி மீதி வருடம் பழையபடி கிடக்கும். பந்தல் போட்ட தெருவில் கடை வைத்திருப்பவருக்கு அந்தப் பத்து நாளும் வியாபாரம் படுத்துவிடுவதும் உண்டு.

எப்போது சரி? வில்லுப்பாட்டுக்கு மட்டும் எடுத்தால் நான் கை தூக்குவேன். நாஞ்சில் நாடும் நெல்லையும் அதன் சொந்த மண். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதை மேடைக்கு மேடை கொண்டுபோனார். மூன்று இரவு போதும். ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்குச் சாரை சாரையாக வரும் மார்கழியில், சுசீந்திரம் தேரை ஒட்டி வைத்தால் ஆள் சேர்க்கத் தனியாக விளம்பரமே வேண்டாம்.

## 3. வாரம் ஒரு சாயங்காலத் தெரு

எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை. அதனால் இதன் குறைகளைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இந்தூரில் சராஃபா பஜார் என்று ஒரு நகைக்கடைத் தெரு. பகலில் தங்கம் வெள்ளி. இரவு கடைகள் ஷட்டர் போட்டதும் அதே வாசல்களில் தின்பண்டக்காரர்கள் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் விற்கிறார்கள். புதிதாகக் கட்டடம் ஒன்றும் இல்லை, ஒரே தெரு இரண்டு ஷிப்ட் பார்க்கிறது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள். இரண்டு தடுப்புக் கட்டைதான் செலவு, ஊரே நடக்க வந்துவிடுகிறது.

இங்கே எங்கே வைப்பது? கேப் ரோடு, மணிமேடை என்று ஆசைப்பட வேண்டாம், ஆம்புலன்ஸ் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வழி வேண்டும். நாகராஜா கோயில் திடல் இருக்கிறது. கோயில் பக்கம் என்பதால் சைவம் மட்டும் என்று வரும், அதனால் மீன் குழம்பையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) விரும்புபவர்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். வேப்பமூடு பூங்காவை ஒட்டிய பகுதியையும் யோசிக்கலாம்.

என்ன விற்பது என்பதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும். கோபி மஞ்சூரியனும் ஷவர்மாவும் தின்ன யாரும் சென்னையிலிருந்து வரமாட்டார்கள். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? தோலுரித்த காயைக் கையில் பிடித்து, கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே சீவியை வைத்துச் சரசரவென்று நேராக உள்ளே விழவைப்பார்கள். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை வீசுவார்கள். சட்டி முழுக்கச் சீறி ஆவி கிளம்பும், முன்னால் நிற்கிற குழந்தை ஓரடி பின்னால் போகும், அந்தச் சீற்றம் அடங்குவதற்குள் சல்லடைக் கரண்டி உள்ளே போயிருக்கும். நமக்கு இது தினசரிக் காட்சி. டெல்லிக்காரருக்கு இதுதான் ஷோ. இதை அடுக்களைக்குள் மறைத்து வைத்துவிட்டு பாக்கெட்டை மட்டும் விற்கிறோம். அதோடு புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப் பழம், அடைப் பிரதமன், முந்திரிக்கொத்து, தீயல் ஊற்றிய சோறு, தோவாளைக்காரர் அங்கேயே உட்கார்ந்து கட்டித் தரும் பூமாலை.

இப்போது குறைகள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவைப் புதுப்பித்து 2017 டிசம்பரில் திறந்தபோது வண்டிகளைத் தடுத்ததை வியாபாரிகளில் பலர் எதிர்த்தார்கள். வண்டி வராவிட்டால் வாடிக்கை போய்விடும் என்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் மானவீயம் வீதியை இரவு வாழ்க்கைக்காகத் திறந்துவிட்ட கொஞ்ச நாளில் அடிதடி நடந்து, நேரக் கட்டுப்பாடு போடும் நிலைமை வந்தது. இதெல்லாம் இங்கேயும் வரும். குப்பை, கழிப்பறை, குடித்துவிட்டு வருபவர், ஸ்பீக்கர் சத்தத்தில் படிக்க முடியாத பிள்ளைகள். வாடகை கொடுத்து ஹோட்டல் நடத்துபவர், வாடகை இல்லாமல் தள்ளுவண்டி போட்டவரைப் பார்த்துப் பொருமுவதிலும் நியாயம் இருக்கிறது. முதல் பத்து இடத்தை உள்ளூர் ஹோட்டல்காரர்களுக்கே கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

மறைமுகச் செலவில் பெரியது கழிப்பறை. நடமாடும் கழிப்பறை வண்டியும் அதைக் கழுவ ஆளும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. குடும்பத்தோடு வரும் பெண்கள் ஒருமுறை அவதிப்பட்டால் மறுவாரம் வரமாட்டார்கள். அவர்கள் வராத தெரு கொஞ்ச நாளில் குடிகாரர்கள் கைக்குப் போய்விடும்.

எப்போது சரி? ஊருக்கு ஏற்கெனவே ஆள் வந்துகொண்டிருந்து, இரவில் மட்டும் போக்கிடம் இல்லாதபோது. அப்படியே நம் நிலைமை.

## 4. ஊரை நடந்து காட்டுவது

அகமதாபாத்தில் 1997 நவம்பரில் மாநகராட்சியே ஒரு காலைநேர நடையைத் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் கிளம்பி, சந்து சந்தாகப் போய், ஜாமா மசூதியில் முடியும். இருபது வருடம் கழித்து, 2017-ல், யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரிய நகரமாக்கியது. நடையால்தான் கிடைத்தது என்று சொல்லவில்லை. ஆனால் தங்கள் தெருவைப் பார்க்க ஆள் வருகிறது என்றதும் வீட்டுக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு அக்கறை வரத்தானே செய்யும்.

நம் ஊரில் சரக்குக்குக் குறைவில்லை. நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். கருவறைக்கு மேல் இன்றும் ஓலைக் கூரைதான், பிரசாதம் அங்கே எடுக்கும் மண். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே மாதம் புனிதர் பட்டம் பெற்றார். குருவோ துறவியோ ஆகாமல் பொதுநிலையினராக இருந்து புனிதரான முதல் இந்தியர். வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள்: வெள்ளியில் கட்டி, தங்கத் தகடு போர்த்தி, கெம்புக்கல் பதிப்பது. பரதநாட்டிய மேடைகளில் மின்னுவது இந்த நகைதான், புவிசார் குறியீடும் இருக்கிறது. பட்டறை முன்னால் ஒரு போர்டுகூட இல்லாததால் தெருவோடு போகிறவருக்குத் தெரிவதில்லை.

செலவு மிகக் குறைவு, மழைநாள் தவிர எப்போதும் நடத்தலாம். குறை என்னவென்றால் ஒரு நடைக்கு இருபது பேருக்கு மேல் கூட்டிப்போக முடியாது, ஊர் களைகட்டும் அளவு கூட்டம் இதால் சேராது. வழிகாட்டி நன்றாகப் பேசினால் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் நடைபாதை. கோட்டாறு கடைவீதியில் பைக்குகளுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் இருபது பேரை வரிசையாகக் கூட்டிப்போவது சுலபமில்லை. பட்டறைக்காரரின் நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டு இலவசமாக விளக்கம் சொல்ல அவர் என்ன அருங்காட்சியகமா நடத்துகிறார்?

எப்போது சரி? கையில் காசே இல்லாதபோது, அல்லது தங்குகிற ஆளை இன்னொரு அரைநாள் பிடித்துவைக்க.

## 5. குளக்கரை, ஆற்றங்கரை

சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பெயர், கிடைத்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். இதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு டைல்ஸ், கலர் லைட், பெடல் போட் என்று கை பரபரக்கும். பறவைக்காகக் கிடைத்த பெயரைப் பறவையை விரட்டிச் செலவழிக்கும் வேலை அது. இங்கே வேண்டியது ஒரு மறைவான பார்வை மேடை, நாலைந்து பலகைகள், குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்ள ஆள். குளத்தை நம்பியிருக்கும் வயல்காரர்களையும் முதலிலேயே கூட்டிப் பேச வேண்டும்.

பழையாற்றங்கரையில் நடைபாதை என்பது நல்ல கனவு. ஆனால் சாக்கடை கலப்பது நிற்காமல் கரையில் பெஞ்சு போட்டால் உட்காருபவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். முதலில் சாக்கடை, அதற்கு வருடக்கணக்கு.

## ஒரே பார்வையில்

| | இரவில் நிறுத்துமா | காசு யாருக்கு | மூன்றாம் வருடச் செலவு | உள்ளூர்க்காரர் | மழை |
|---|---|---|---|---|---|
| பெரிய கட்டுமானம் | இல்லை | டிக்கெட் எடுப்பவருக்கு | மிக அதிகம் | ஒருமுறை வருவார் | பரவாயில்லை |
| வருட விழா | விழா நாட்களில் மட்டும் | லாட்ஜ், பந்தல்காரர் | ஒவ்வொரு வருடமும் புதிதாக | வருவார் | தேதியைப் பொறுத்தது |
| சாயங்காலத் தெரு | ஆம் | சிறு வியாபாரிகளுக்கு | நடுத்தரம் | வாராவாரம் | சிரமம் |
| ஊர் நடை | அரைநாள் கூட்டும் | வழிகாட்டி, பட்டறை | குறைவு | குறைவு | சிரமம் |
| நீர்நிலை | இல்லை, அதிகாலைதான் | கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை | நடுத்தரம் | நடக்க வருவார் | குளிர்கால வேலை |

## மற்ற ஊர்க்காரர்களுக்கு

இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப்போய் வேறு ஊரில் வைக்க முடியாது. பாலக்காட்டுத் தமிழர்களுக்குக் கல்பாத்தித் தேர் இருக்கிறது. அங்கே புதிதாகத் தெரு வேண்டாம், அக்ரஹாரத்தை நடந்து காட்டினால் போதும், அதுவும் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்று. தென்காசிக்குக் குற்றாலம் சீசன் மூன்று மாதம் தானாக ஓடும், சீசன் இல்லாத மாதங்களுக்குத்தான் விழா யோசிக்க வேண்டும்.

ஆந்திர எல்லைப் பக்கம் வேலூர் முற்றிலும் வேறு. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் காந்தி ரோடு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகின்றன. ஆளை நிறுத்தும் வேலையே அங்கே இல்லை. நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வரும் துணையாளுக்கு ஆட்டமும் பாட்டும் வேண்டாம், ஒரு மணி நேரம் சும்மா உட்கார இடம் வேண்டும். அகழியோடு பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நிழல், பெஞ்சு, குடிதண்ணீர், இந்தியிலும் வங்காளத்திலும் நாலு பலகை, இவ்வளவு செய்தால் அங்கே கட்டுமானச் செலவு முடிந்தது.

## நாகர்கோவிலில் நான் தொடங்கும் வரிசை

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மூன்று மாதச் சனிக்கிழமைகளில் சாயங்காலத் தெரு, மழை இல்லாத காலம். மாநகராட்சி, போலீஸ், கோயில் இடம் என்றால் கோயில் நிர்வாகம், மூன்றிடமும் எழுத்தில் அனுமதி. கடைகள் முப்பதுக்கு மேல் வேண்டாம், இரவு பத்தரைக்கு அடுப்பு அணைய வேண்டும். கன்னியாகுமரி லாட்ஜ் கவுண்டர்களில் தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் ஒரு சின்ன அட்டை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அதில் பெரிதாகப் போட வேண்டும், திரும்பிப்போக வழி தெரியாத ஊருக்கு ராத்திரி யாரும் கிளம்பமாட்டார்கள். தெருவுக்கு வருபவர்களிடமே மறுநாள் காலை ஊர் நடைக்குப் பெயர் வாங்கிக்கொள்ளலாம். வில்லுப்பாட்டு மூன்று இரவு அடுத்த மார்கழிக்கு.

மார்ச் கடைசியில் பார்க்க வேண்டியது கூட்டத்தின் தலைக்கணக்கை விட, கடைக்காரர்கள் தாங்களாக இடம் கேட்டு வருகிறார்களா என்பதை. கேட்டு வந்தால் ஜூன் மழைக்கு முன் கூரை போடுவதைப் பற்றிப் பேசலாம். வராவிட்டால் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்; தடுப்புக் கட்டையையும் கழிப்பறை வண்டியையும் இன்னொரு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போக ஒரு டெம்போ வாடகைதான் ஆகும்.